சோயாவைக் குறைத்து 3 வருடம்: முதுகுக் கொழுப்பில் நான் பார்த்தது

வெள்ளை யார்க்‌ஷயர் பன்றிகள் வளர்க்கிறேன். 50 கிலோ தாண்டியவற்றுக்குத் தீவனப் புரதத்தை 16 சதவீதத்திலிருந்து 13-க்கு இறக்கி 3 வருடம் ஆகிறது. சோயா புண்ணாக்கு விலை தாங்க முடியாமல்தான் இறங்கினேன். 100 கிலோ தீவனத்தில் 8 கிலோ சோயாவை எடுத்துவிட்டு அந்த இடத்தில் மக்காச்சோளம் போட்டேன். சோயாவோடு போன லைசினுக்கு (தசை வளரத் தேவையான ஓர் அமினோ அமிலம், அதாவது புரதத்தின் ஒரு கூறு) ஈடாக 270 கிராம் லைசின் பொடி. அது போதும் என்று நம்பினேன்.

முதல் பேட்ச் அறுப்புக்குப் போன அன்றே கறிக்கடைக்காரர் கூப்பிட்டார். கடைசி விலா எலும்புக்கு நேர்மேலே கத்தியால் கீறிக் காட்டினார். தோலுக்கு அடியில் இரண்டு விரல் கனத்துக்கு வெள்ளைக் கொழுப்பு. முன்பெல்லாம் ஒரு விரல்தான் இருக்கும். "அண்ணே, இப்படி வந்தா வாங்குறவங்க சண்டைக்கு வர்றாங்க" என்றார். எடை குறையாததால் கொட்டகையில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

அப்புறம்தான் விஷயம் புரிந்தது. மிஞ்சிய புரதத்தை உடைத்து யூரியாவாக வெளியேற்றப் பன்றிக்குக் கணிசமான சக்தி செலவாகும். புரதம் குறைந்தால் அந்தச் சக்தி மிச்சப்பட்டு கொழுப்பாகப் படியும். நானோ சோளத்தைக் கூட்டி மாவுச்சத்தையும் ஏற்றியிருந்தேன். இன்னொரு பக்கம் லைசினைப் போன்ற மற்ற அமினோ அமிலங்களான திரியோனினும் டிரிப்டோஃபானும் பற்றாமல் போனால், லைசின் எவ்வளவு கொட்டினாலும் தசை வளராது.

அடுத்த பேட்சில் மெத்தியோனின் என்ற இன்னொரு அமினோ அமிலத்தோடு அந்த இரண்டையும் சேர்த்தேன். செரிக்கும் லைசின் 100 பங்கு என்றால் திரியோனின் 65, டிரிப்டோஃபான் 18 என்பது கணக்கு. சோளத்தில் ஒரு பகுதியை எடுத்துவிட்டு எண்ணெய் எடுத்த தவிடு போட்டேன். எண்ணெய் எடுக்காத தவிடு அதிகமானால் கொழுப்பு கொழகொழவென்று ஆகிவிடும், அது வேண்டாம். கொழுப்பு பழைய கனத்துக்கு வந்தது இந்த மாற்றத்தால்தான்.

பீட்டைன் என்ற தீவனச் சேர்க்கையும் கிலோ தீவனத்துக்கு 1 கிராம் வீதம் 2 பேட்சுக்குப் போட்டேன். கொழுப்பைக் கரைக்கும் என்று சொல்லி விற்கிறார்கள். போட்டதையும் போடாததையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. அமினோ அமிலக் கணக்கு சரியாக இல்லாமல் அதற்குச் செலவு செய்யாதீர்கள்.

கலப்பதில் அவசரம் கூடாது. இந்தப் பொடிகளை முதலில் 5 கிலோ சோள மாவில் நன்றாகக் கலந்து, பிறகு மொத்தத்தில் சேருங்கள். நேரடியாகக் கொட்டினால் ஒரு தொட்டிக்குப் போகும், இன்னொரு தொட்டிக்குப் போகாது.

எதிர்பாராத நல்லது ஒன்று உண்டு. சிறுநீரில் நைட்ரஜன் குறைந்ததால் அம்மோனியா நெடி அடங்கியது. விடியற்காலை கொட்டகைக் கதவைத் திறந்தால் இப்போது கண் எரிவதில்லை.