பில்பாவோ ஜேர்சி, கிளிநொச்சிப் பதிப்பு

எங்கள் விளையாட்டுக் கழகத்துக்கு ஏ9 வீதியோரக் கடையொன்றில் ஸ்பெயின் உதைபந்தாட்டக் கழகமான அத்லெடிக் பில்பாவோவின் மாதிரியில் ஜேர்சி அடிப்பித்தோம். ஒன்று 1,900 ரூபாய்.

பெடியள் கேட்டது ரியல் மட்ரிட் தான். நான்தான் விடவில்லை. 1898இல் தொடங்கிய பில்பாவோவில் அதன் சொந்த மண்ணான பாஸ்க் பிரதேசத்தில் பிறந்தவர்களும் அங்கேயே ஆடிப் பழகியவர்களும் மட்டும்தான் விளையாடலாம். அப்படியிருந்தும் 1929இல் ஸ்பெயினின் முதற்பிரிவுத் தொடரான லா லீகா தொடங்கியதிலிருந்து ஒருதரமும் கீழ்ப்பிரிவுக்கு இறங்கவில்லை. அந்தப் பெருமை வேறு இரண்டே கழகங்களுக்குத்தான், ரியல் மட்ரிட், பார்சிலோனா. 2024இல் மயோர்க்கா அணியைப் பெனால்டியில் வென்று, 40 வருடத்துக்குப் பிறகு ஸ்பெயினின் கோபா டெல் ரே கிண்ணத்தையும் தூக்கினார்கள். இறுதியாட்டத்துக்கு மட்டும் வெளியூர் ஆளை இறக்குகிற எங்கட பக்கத்து அணிகள் இதை வாசித்தால் நல்லது.

சரி, ஜேர்சிக்கு வருவோம். ஆரம்பத்தில் நீலம் வெள்ளையாக இருந்த உடுப்பை 1910இல்தான் அவர்கள் சிவப்பு வெள்ளைக் கோடுகளாக மாற்றினார்கள். கடைக்காரர் அடித்த சிவப்பு அச்சொட்டாக அதே நிறம், கழுவியும் வெள்ளைக்கு ஊறவில்லை. ஆனால் விலாத் தையலில் முன்கோடும் பின்கோடும் ஒன்றையொன்று சந்திக்கவேயில்லை. முதுகில் சூடுபிடித்து ஒட்டிய இலக்கம் ஓரத்தில் கிளம்புகிறது. எங்கள் கோல்காப்பாளரின் 1 இப்போதே பாதிதான்.

துணி மெல்லிசு, வெயிலுக்குச் சுகம். அளவு சின்னன், ஒரு சைஸ் கூட்டிச் சொல்லுங்கள். இலக்கத்தை ஒட்டாமல் துணியோடு சேர்த்தே அச்சடிக்கச் சொன்னால் அதே விலைக்குச் செய்து தருகிறார்.