ஸ்தோத்திரபலிப் புத்தகம்: ஆயிரம் வரிகளில் நன்றி எங்கே இருக்கிறது?

தேவனைத் துதித்து நன்றி சொல்லும் வரிகளைத் தொகுத்த ஸ்தோத்திரபலிப் புத்தகத்தைக் கிறிஸ்தவப் புத்தகக் கடைகளில் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்திலேயே அடுக்கி வைத்திருப்பார்கள். கன்வென்ஷன் கூட்டம் முடிந்து வெளியே வந்தால் காலண்டருக்கும் வசன அட்டைக்கும் நடுவே கிடக்கும். சட்டைப்பையில் அடங்குகிற அளவு. வரிக்கு ஓர் எண், வரி முடிகிற இடத்தில் 'ஸ்தோத்திரம்'. நூறு வரியோடு முடிகிற மடிப்புத் தாளிலிருந்து ஆயிரம் வரிப் புத்தகம் வரை பல சபைகளும் ஊழியங்களும் அச்சிடுகின்றன. விலையும் சில பத்து ரூபாய்க்குள் முடிந்துவிடும். உள்ளடக்கம் பெரும்பாலும் ஒன்றையொன்று ஒத்திருப்பதால் ஒரு பதிப்பை மட்டும் எடுத்துப் பேசாமல், இந்த வகைப் புத்தகத்தையே இங்கே மதிப்பிடுகிறேன். நல்ல பொருள்தான், வீட்டில் ஒன்று இருக்கலாம். ஆனால் அதன் பெயர் வாக்களிக்கிற ஒன்று அதற்குள் குறைவாகவே இருக்கிறது. அதற்கு வருவதற்கு முன்னால், கையில் எடுத்தவுடன் பார்க்க வேண்டியதைச் சொல்லிவிடலாம்.

முதலில் எழுத்து. இதை அதிகம் வாசிப்பவர்கள் விடியற்காலை நாலு, ஐந்து மணிக்கு எழுந்து ஜெபிக்கிற பெரியவர்கள். மங்கிய விளக்கில் பொடி எழுத்து உதவாது. 'ஸ்தோ', 'ஷ்', 'க்ஷ' போன்ற எழுத்துகளில் மலிவான தாள் மையை உறிஞ்சிக்கொண்டால் சுழி அடைத்து ஒரே கறுப்பாகிவிடும். கடையில் நிற்கும்போதே ஒரு பக்கத்தைக் கை நீட்டித் தள்ளிப் பிடித்துப் பாருங்கள். சுழிகள் திறந்து தெரிந்தால் வாங்கலாம். அடுத்து கட்டு. நடுவில் பின் அடித்த புத்தகம் விரித்தால் விரித்தபடி கிடக்கும், முழங்காலில் நிற்கும்போது தரையில் வைத்தும் வாசிக்கலாம். முதுகில் பசை ஒட்டியது மூடிக்கொண்டே இருக்கும். அழுத்தி விரித்தால் சில மாதத்தில் நடுப்பக்கங்கள் கழன்று கையோடு வரும். தினமும் எடுக்கிற பொருளுக்குப் பின் அடித்ததே மேல். ஆயிரம் வரியும் ஒரே ஓட்டமாக இல்லாமல் நூறு நூறாகத் தலைப்பிட்டுப் பிரித்திருந்தால், விட்ட இடத்தைத் தேட வேண்டியிருக்காது.

ஒவ்வொரு வரிக்கும், அது எந்த வேதாகம வசனத்திலிருந்து வந்தது என்ற வசன எண் கட்டாயம் இருக்க வேண்டும். வசன எண் இல்லாத பதிப்பை நான் பரிந்துரைக்க மாட்டேன். இருந்தாலும் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது. அங்கங்கே பத்து வரியைத் தொட்டு வேதாகமத்தோடு ஒப்பிடுங்கள். இரண்டுக்கு மேல் தவறினால் புத்தகத்தைத் திரும்ப வைத்துவிடலாம். இது அற்பக் காரியம் இல்லை. 'விடிவெள்ளி' என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். வெளிப்படுத்தின விசேஷம் 22:16-இல் இயேசு தம்மைப் பிரகாசமுள்ள விடிவெள்ளி நட்சத்திரம் என்கிறார். ஏசாயா 14:12-இல் அதே 'விடிவெள்ளி' வானத்திலிருந்து விழுந்த பாபிலோன் ராஜாவைக் குறிக்கிறது. எண்ணை மாற்றி அச்சிட்டால், வசனத்தைத் தேடிப் போகிற புதிய விசுவாசி எங்கே போய் நிற்பார்?

நேரக் கணக்கும் தெரிந்திருக்க வேண்டும். பொருளை மனதில் வாங்கி ஒரு வரியைச் சொல்ல ஐந்து விநாடி ஆகும். அப்படியானால் ஆயிரம் வரிக்கு 83 நிமிடம். பலர் அரை மணி நேரத்தில் முடிக்கிறார்கள். அது வரிக்கு இரண்டு விநாடி. அந்த வேகத்தில் வாய் சொல்லும், மனம் அடுப்பில் வைத்த பாலைப் பார்க்கப் போயிருக்கும். வீண்வார்த்தைகளை அலப்பாதேயுங்கள் என்று மத்தேயு 6:7-இல் ஆண்டவர் சொன்னது இதற்கும் பொருந்தும். ஒரே உட்காரலில் ஆயிரத்தையும் முடித்தாக வேண்டும் என்று வேதத்தில் எங்கும் இல்லை. ஒரு நாளைக்கு 143 வரி என்று வைத்தால் ஒரு வாரத்தில் முடியும், நாளுக்குப் பன்னிரண்டு நிமிடம் போதும். அதுவும் பாரமாக இருந்தால் இருபது வரி. இருபது வரியை நிதானமாகச் சொன்னவர் ஆயிரத்தை ஓட்டியவரைவிடக் குறைவாகச் செலுத்தியதாக நான் நினைக்கவில்லை.

உபவாச ஜெபத்திலும் முழு இரவு ஜெபத்திலும் இதைக் குழுவாகச் சொல்வது வழக்கம். ஒருவர் வரியை வாசிக்க, மற்றவர்கள் 'ஸ்தோத்திரம்' என்பார்கள். பிசகு வழக்கமாக முப்பது நாற்பது வரிக்குள் ஆரம்பிக்கிறது. வாசிப்பவர் வரியை முடிக்குமுன்னே பதில் வந்துவிடுகிறது. பிறகு அது 'தோத்ரம், தோத்ரம்' என்று தாளமாக மாறி, வரி என்ன என்பதே காதில் விழாமல் போகிறது. வாசிப்பவர் ஒவ்வொரு வரிக்குப் பின்னும் அரை மூச்சு நிறுத்தினால் இது பாதி சரியாகும். இருபத்தைந்து வரிக்கு ஒருமுறை ஆளை மாற்றுங்கள், அல்லது ஒரு சரணம் பாடிவிட்டுத் தொடருங்கள். தெருவில் எதிர்ப்படும்போது 'தோத்திரம் ஐயா' என்று வணக்கமாகவும் சொல்லிச் சொல்லித் தேய்ந்த சொல் இது. தேய்ந்த நாணயத்தைத் துடைத்துப் பார்க்கிற மாதிரி அவ்வப்போது நின்று பார்க்க வேண்டியிருக்கிறது.

நான் சொல்ல வந்த முக்கியமான குறைக்கு வருகிறேன். பரவலாகப் புழங்கும் பழைய தமிழ் வேதாகமம் 'ஸ்தோத்திரம்' என்ற ஒரே சொல்லில் பலவற்றை அடக்கிவிட்டது. சங்கீதம் 103-இல் 'கர்த்தரை ஸ்தோத்திரி' என்ற இடத்தில் எபிரெயச் சொல் 'பாராக்', அதாவது போற்றுதல். சங்கீதம் 50:23-இல் 'ஸ்தோத்திர பலி' என்ற இடத்தில் 'தோதா', அதாவது நன்றிப் பலி. 1 தெசலோனிக்கேயர் 5:18-இல் 'எல்லாவற்றிலேயும் ஸ்தோத்திரஞ்செய்யுங்கள்' என்றால் கிரேக்கத்தில் நன்றி சொல்லுங்கள் என்றே பொருள். பிற்காலத் தமிழ் மொழிபெயர்ப்பான திருவிவிலியம் அதே இடத்தில் 'நன்றி கூறுங்கள்' என்கிறது. துதி, தேவன் யார் என்று சொல்கிறது. நன்றி, அவர் எனக்கு என்ன செய்தார் என்று சொல்கிறது. புத்தகத்தின் பெயரில் இருப்பது நன்றிப் பலி. உள்ளே இருப்பவற்றில் பெரும்பகுதி துதி: சர்வவல்லவரே, பரிசுத்தரே, ராஜாதி ராஜாவே. எந்தப் பக்கத்தையும் திறந்து 'தந்தீரே', 'செய்தீரே', 'காத்தீரே' என்று முடிகிற வரிகளை எண்ணிப் பாருங்கள், புரியும்.

இந்தப் புத்தகங்களில் வழக்கமாகச் சேர்ந்தே வருகிற நாலு வரிகள் உண்டு. யேகோவாயீரே (கர்த்தர் பார்த்துக்கொள்வார்), யேகோவாநிசி (கர்த்தர் என் கொடி), யேகோவா ஷாலோம் (கர்த்தர் சமாதானம்), யேகோவா ஷம்மா (கர்த்தர் அங்கே இருக்கிறார்). தேவனுடைய நாமங்கள் என்ற தலைப்பில் போட்டிருப்பார்கள். வசனத்தைத் திறந்து பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். ஆதியாகமம் 22:14-இல் அது ஒரு மலை இடத்தின் பெயர்: மகனுக்குப் பதிலாக ஆட்டுக்கடா கிடைத்தபின் ஆபிரகாம் அந்த இடத்துக்கு வைத்த பெயர். யாத்திராகமம் 17:15-இல் அது ஒரு பலிபீடத்தின் பெயர்: ஆரோனும் ஊர் என்பவரும் கையைத் தாங்கிப் பிடிக்க, அமலேக்கியரை முறியடித்தபின் மோசே கட்டியது. நியாயாதிபதிகள் 6:24-இல் இன்னொரு பலிபீடம்: தேவதூதனைப் பார்த்துவிட்டோம், செத்தோம் என்று பயந்த கிதியோன், 'நீ சாவதில்லை' என்ற வார்த்தையைக் கேட்டபின் கட்டியது. எசேக்கியேல் 48:35-இல் அது ஒரு நகரத்தின் பெயர். அதாவது முதல் மூன்றும், காரியம் நடந்த இடத்திலேயே நின்று, பெற்றவர்கள் பொறித்து வைத்த நன்றிக் குறிப்புகள். எந்த இடம், என்ன ஆபத்து, யார் கூட இருந்தார்கள் என்ற விவரம் எல்லாம் அதில் இருக்கிறது. புத்தகம் அந்த விவரத்தைக் கழற்றிவிட்டுப் பெயரை மட்டும் வரிசையில் வைத்துவிட்டது. நன்றி துதியாக மாறிப்போவது இப்படித்தான். அந்த நாலு வரிகளையாவது வசனத்தைத் திறந்து வைத்துச் சொல்லுங்கள், ருசியே வேறாக இருக்கும்.

விவரத்தோடு நன்றி சொல்வது எப்படி என்பதற்கு மாதிரி வேதத்திலேயே இருக்கிறது. சங்கீதம் 136-இல் 26 வசனங்கள், ஒவ்வொன்றும் 'அவர் கிருபை என்றுமுள்ளது' என்று முடிகிறது. அமைப்பு அப்படியே ஸ்தோத்திரபலிப் புத்தகம்தான். தமிழில் 'துதியுங்கள்' என்று வந்தாலும் மூலத்தில் அது நன்றி சொல்லும் அழைப்பு. அது பொதுவாகப் பேசுவதில்லை. எமோரியரின் ராஜா சீகோன், பாசானின் ராஜா ஓகு என்று பெயர் சொல்கிறது. பிறகு நம்முடைய தாழ்வில் நம்மை நினைத்தவர் என்று வீட்டு வாசலுக்கு வந்து, 25-ஆம் வசனத்தில் ஆகாரம் கொடுக்கிறவர் என்று சாப்பாட்டுத் தட்டுக்கே வந்துவிடுகிறது.

ஆகவே புத்தகத்தோடு நாற்பது பக்க வரி நோட்டு ஒன்றும் வாங்குங்கள். புத்தகத்தில் இருபது வரி சொன்னால் நோட்டில் ஐந்து வரி சொல்ல வேண்டும் என்று வைத்துக்கொள்ளலாம். எழுதும்போது ஒரே ஒரு கட்டுப்பாடு: வரியில் ஓர் ஆள் பெயரோ, இடமோ, எண்ணோ இருந்தாக வேண்டும். 'சுகம் தந்தீரே' என்று எழுதாதீர்கள். 'செவ்வாய் ராத்திரி 103 டிகிரி காய்ச்சல், விடியுமுன் இறங்கிற்று' என்று எழுதுங்கள். 'தேவைகளைச் சந்தித்தீரே' வேண்டாம், 'தவணைக்கு 2,000 ரூபாய் குறைந்தது, சித்தி கேட்காமலே கொண்டுவந்து தந்தார்கள்' போதும். தேதி போடுங்கள். ஆறு மாதம் கழித்துத் திருப்பிப் பார்க்கும்போது மறந்தே போயிருக்கும் காரியங்கள் அதில் இருக்கும். 'அவர் செய்த சகல உபகாரங்களையும் மறவாதே' என்று சங்கீதக்காரன் தன் ஆத்துமாவுக்கே சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது. நமக்கு நோட்டு வேண்டியிருப்பதில் வெட்கமில்லை. பதில் வராத ஜெபங்களுக்கு வரியை இட்டுக்கட்டி எழுத வேண்டாம். அந்த இடம் வெறுமையாகவே இருக்கட்டும்.

அட்டையைப் பற்றி ஒரு எச்சரிக்கை. 'இத்தனை நாள் சொன்னால் அற்புதம் நிச்சயம்' என்று போட்டிருந்தால் அந்தப் பதிப்பை எடுக்காதீர்கள். லூக்கா 17-இல் பத்துக் குஷ்டரோகிகளும் சுத்தமானார்கள், திரும்பி வந்தவன் ஒருவன், அவனும் சமாரியன். அவன் நன்றி சொல்லிச் சுகத்தை வாங்கவில்லை, சுகமானதைக் கண்டுதான் திரும்பினான். துதி யுத்தத்தை ஜெயிக்கும் என்பதற்கு 2 நாளாகமம் 20-ஐக் காட்டுவார்கள். யூதாவின் ராஜா யோசபாத்தின் படைக்கு முன்னே பாடகர்கள் போனது 21-ஆம் வசனம். யுத்தம் உங்களுடையதல்ல என்ற வாக்கு 15-ஆம் வசனத்திலேயே வந்துவிட்டது. வாக்கை நம்பிப் பாடினார்கள். யுத்தம் முடிந்தபின் நாலாம் நாள் ஒரு பள்ளத்தாக்கில் கூடி ஸ்தோத்திரம் செலுத்தி அந்த இடத்துக்குப் பெராக்கா, அதாவது போற்றுதல், என்று பெயர் வைத்தார்களே, அந்த 26-ஆம் வசனத்தை யாரும் அட்டையில் போடுவதில்லை.

துக்க வீட்டுக்கு இந்தப் புத்தகத்தை எடுத்துப் போய் ஆயிரத்தையும் வாசிக்க வேண்டாம். அழுகிறவர்களுடனே அழுங்கள் என்று ரோமர் 12:15 சொல்கிறது. அவர்களே கேட்டால், 'கூட இருக்கிறவர்', 'தேற்றுகிறவர்' என்ற நாலைந்து வரி போதும். ஆஸ்பத்திரிக் கட்டிலருகிலும் அப்படியே.

ஒலிப்பதிவாகவும் மொபைல் செயலியாகவும் இதே ஸ்தோத்திரங்கள் கிடைக்கின்றன. கண் தெரியாதவர்களுக்கும் எழுத்து வாசிக்காத பாட்டிமார்களுக்கும் ஒலிப்பதிவு பெரிய உபகாரம். மற்றவர்களுக்கு அது பின்னணிச் சத்தமாகப் போய்விடுகிறது, நடுவில் விளம்பரமும் வந்து விழும். ஸ்தோத்திரபலி என்று எபிரெயர் 13:15 சொல்வது உதடுகளின் கனியை. ஆகவே ஒலிப்பதிவை ஓடவிட்டாலும் கூடவே வாய் திறந்து சொல்ல வேண்டும், வேகம் அதிகமானால் குறைத்து வைத்துக்கொள்ள வேண்டும்.

அந்த 13:15-ஐ முன்னட்டையில் போடுகிற பதிப்பாளர்கள் அடுத்த வசனத்தையும் சேர்த்துப் போட்டால் நன்றாக இருக்கும். நன்மை செய்யவும் தானதர்மம் பண்ணவும் மறவாதிருங்கள் என்று 16 சொல்கிறது, அதையும் பலி என்றே சொல்கிறது. லேவியராகமம் 7-இல் ஸ்தோத்திரபலியோடு அதிரசமும் அடையும் புளித்த அப்பமும் படைக்க வேண்டும், மாம்சத்தை அன்றைக்கே சாப்பிட்டு முடிக்க வேண்டும், விடியும் வரை எதுவும் மீதியாகக் கூடாது. நேர்ந்துகொண்டு செலுத்தும் பொருத்தனைப் பலியில் மிச்சத்தை மறுநாளும் சாப்பிடலாம், ஸ்தோத்திரபலிக்கு அந்தச் சலுகை இல்லை. ஒரு குடும்பம் தனியாக உட்கார்ந்து ஒரு மிருகத்தை ஒரே நாளில் தின்று தீர்க்க முடியுமா? அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டே ஆக வேண்டும். நோட்டில் பெரிய வரி எழுதுகிற நாளில், பக்கத்து வீட்டுக்கு ஒரு தூக்குவாளிச் சாப்பாடு போகட்டும்.

ஞானஸ்நானம், திடப்படுத்தல், பிறந்தநாள் என்று பரிசாகக் கொடுக்கவும் இது ஏற்ற பொருள்தான். அப்போது பின் அடித்த, பெரிய எழுத்துப் பதிப்பாகப் பாருங்கள். பின்னட்டையின் உள்பக்கம் பெரும்பாலும் காலியாக இருக்கும். வாங்கிக்கொள்கிறவரைப் பற்றி, நீங்கள் கண்ணால் கண்ட உபகாரங்கள் மூன்றைத் தேதியோடு அங்கே கைப்பட எழுதிக் கொடுங்கள். அச்சிட்ட வரிகளைத் திறப்பதற்கு முன் அவர் அதைத்தான் முதலில் வாசிப்பார்.