மாக்சியா, குளோராம்பெனிகாலா?

கண் சிவந்து ஓ.பி.க்குப் போய்வந்தவர்களின் சீட்டுகள், கடலூரிலும் புதுச்சேரியிலும் என் கண்ணில் பட்டவரை, மாக்சிஃப்ளாக்சசின் (சுருக்கமாக மாக்சி) என்ற ஆன்டிபயாடிக் கண் சொட்டில்தான் தொடங்குகின்றன. அதற்குப் பழைய போட்டியாளர் குளோராம்பெனிகால். மூன்றாவது ஒன்றும் உண்டு, யாரும் கேட்டு வாங்காதது: ஆன்டிபயாடிக்கே எழுதாமல் அனுப்புவது.

மெட்ராஸ் ஐ பெரும்பாலும் அடினோ வைரஸின் வேலை. கண் தண்ணீராக வடியும், சிலருக்குக் காதுக்கு முன்னால் நெறி கட்டும். எந்த ஆன்டிபயாடிக்கும் வைரஸைத் தொடாது. ஒன்றிரண்டு வாரத்தில் தானே அடங்கும். குளிர்ந்த ஒத்தடம், செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு, தனித் துண்டு போதும். ஆனால் காலையிலிருந்து வரிசையில் நின்றவரிடம் "மருந்து வேண்டாம்" என்று சொல்லிப் பாருங்கள். நேரே மெடிக்கலுக்குப் போய் அவரே ஒன்றை வாங்கிவிடுவார்.

பீளை கெட்டியாக மஞ்சளாகத் தள்ளி, காலையில் இமை ஒட்டிக்கொண்டால் பாக்டீரியா சந்தேகம். உண்மையான போட்டி இங்கேதான். சாதாரணத் தொற்றுக்குக் குளோராம்பெனிகாலே போதும். தொல்லை என்னவென்றால், முதல் இரண்டு நாள் இரண்டு மணிக்கொரு தரம் விடவேண்டும், பாட்டில் ஃப்ரிட்ஜில் இருக்கவேண்டும். துறைமுகத்தில் மீன் ஏலத்துக்கு நிற்பவர் இதை எப்படிச் செய்வார்? மாக்சிக்கு ஃப்ரிட்ஜ் வேண்டாம்; நாளைக்கு மூன்று வேளை, 7 நாள். வசதியில் அதுதான் முந்துகிறது, சரி. இருந்தும் என் ஓட்டு குளோராம்பெனிகாலுக்கே. கருவிழிப் புண்ணுக்கும், கான்டாக்ட் லென்ஸ் போடுகிறவர்களின் தொற்றுக்கும் தேவைப்படும் மாக்சியைச் சிவந்த கண்ணுக்கெல்லாம் ஊற்றினால் கிருமி அதற்குப் பழகிவிடும். குளோராம்பெனிகால் ரத்த அணு உற்பத்தியைக் கெடுக்கும் என்று ஒரு பயம் உண்டு; சொட்டு மருந்தில் அது மிக மிக அரிது. குடும்பத்தில் ரத்த நோய் இருந்தால் மட்டும் டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.

ஸ்டீராய்டு கலந்த சொட்டை இந்தப் போட்டியிலேயே சேர்க்கமாட்டேன். சிவப்பு சட்டென்று இறங்கும், அதுதான் மயக்கம். நெல்லிக்குப்பம் பக்கம் கரும்புத் தோகை கீறிய கண்ணில் பூஞ்சை இருந்தால் அது உள்ளே நன்றாக வளர்ந்துவிடும். அதற்கு வேண்டியது பூஞ்சையைக் கொல்லும் சொட்டான நட்டாமைசின். 2010-11இல் மதுரை, புதுச்சேரி, கோவை அரவிந்த் கண் மருத்துவமனைகளில் 323 நோயாளிகளிடம் அதைப் புதிய வோரிகோனசோலோடு ஒப்பிட்டார்கள். பழைய நட்டாமைசினே ஜெயித்தது. ஆகவே தோகையோ நெல்லோ பட்டிருந்தால், ஓ.பி.யில் "கண் சிவந்திருக்கு" என்பதற்கு முன்பே அதைச் சொல்லிவிடுங்கள்.