பாக்கெட் ஷார்ப்னர்: பாதி நல்லது, மீதிப் பாதி கத்திக்கு எமன்

விலை இறங்கியிருக்கிறதே, இப்போது வாங்கலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். சமையல் கத்தியைத் தீட்டும், உள்ளங்கையில் அடங்கும் பாக்கெட் ஷார்ப்னரைத்தான் சொல்கிறார். கத்தியை இழுக்க இரண்டு பிளவுகள், அதாவது ஸ்லாட்டுகள்: ஒரு ஸ்லாட்டில் கார்பைடு துண்டுகள், பக்கத்து ஸ்லாட்டில் செராமிக் கம்பிகள், ஓரத்தில் மடக்கி விரிக்கும் வைரத்தூள் பூசிய கம்பி. எப்படி இழுப்பது என்று அட்டையிலேயே படம் போட்டிருக்கும், அதை விட்டுவிடுகிறேன். நீண்ட காலம் வைத்துப் பயன்படுத்தினால் என்ன ஆகும் என்பதுதான் அட்டையில் இல்லாத சங்கதி.

முதலில் எரிச்சலைக் கொட்டிவிடுகிறேன். இரண்டு ஸ்லாட்டும் அருகருகே, ஒரே அகலத்தில், ஒரே பிளாஸ்டிக்கில் இருக்கின்றன. எது சொரசொரப்பு, எது மென்மை என்று காட்டும் எழுத்து கை பட்டுப் பட்டு அழிந்துவிடும். அவசரத்தில் கை தவறான ஸ்லாட்டுக்குப் போகும். மற்ற கருவிகளில் இப்படி மாறினால் நேரம்தான் வீண். இதில் கத்தியே போகிறது. ஏனென்றால் செராமிக் தேய்க்கிறது, கார்பைடு சீவுகிறது.

கார்பைடு ஸ்லாட்டில் டங்ஸ்டன் கார்பைடு துண்டுகள் இரண்டு ஆங்கில ‘வி’ வடிவில் குறுக்கிட்டு நிற்கின்றன. பெரும்பாலும் பக்கத்துக்கு 20 டிகிரி, இரு பக்கமும் சேர்ந்து 40. சாதாரண ஸ்டெயின்லெஸ் சமையல் கத்தி, உலோகத்தின் கடினத்தை அளக்கும் ராக்வெல் சி அளவில் 54 முதல் 58 வரை இருக்கும். கார்பைடு அதைவிட மிகக் கடினம். கத்தியை இழுக்கும்போது அந்தத் துண்டின் விளிம்பு எஃகை முடி முடியாக உரித்து எடுக்கிறது. நாலு இழுப்பில் மழுங்கல் கத்தி தக்காளித் தோலில் சட்டென்று இறங்கிவிடும். அதைப் பார்த்துதான் எல்லோரும் மயங்குகிறார்கள். உண்மையில் அங்கே உருவாகியிருப்பது கிழிபட்ட, நுண்ணிய பற்கள் கொண்ட ஒரு வாய், அதாவது வெட்டும் விளிம்பு. அந்தப் பற்கள் தக்காளித் தோலைப் பற்றிக்கொள்ளும், சரி. ஆனால் வெட்டுப்பலகையில் நாலு நாள் பட்டால் மடங்கியோ ஒடிந்தோ போகும். கத்தி மறுபடி மழுங்கும், மறுபடி கார்பைடு. இந்தச் சுழலில் சிக்கிய கத்தி வருடத்துக்கு வருடம் கண்கூடாக ஒல்லியாகிறது.

‘முதலில் கார்பைடில் மூன்று நான்கு முறை, பிறகு செராமிக்கில்’ என்று அட்டையில் அச்சிட்டிருப்பார்கள். முழுக்க மழுங்கிப்போன பழைய கத்திக்கு ஒரே ஒரு முறை செய்ய வேண்டிய வைத்தியம் அது. வாங்குகிறவரோ ஒவ்வொரு வாரமும் அதையே செய்கிறார். கத்தி கொஞ்சம் சுணங்கினால் காரணம் பெரும்பாலும் தேய்மானம் அல்ல. மென்மையான எஃகில் வாயின் நுனி ஒரு பக்கமாக மடங்கியிருக்கும், அவ்வளவுதான். அதை நிமிர்த்தி லேசாகத் தேய்த்தால் போதும். சீவி எறியத் தேவையே இல்லை.

செராமிக் ஸ்லாட்டின் அருமை இங்கேதான். இந்தக் கருவியில் நான் எதிர்பார்க்காமல் கிடைத்த நல்ல விஷயம் என்றால் இதுதான். கத்தியின் எடையும் விரலின் லேசான அழுத்தமும் மட்டும் போதும். கைப்பிடியை ஒட்டிய அடியிலிருந்து முனைக்கு, ஒரே திசையில், ஐந்து முதல் எட்டு இழுப்பு. முன்னும் பின்னுமாக அறுக்கக் கூடாது. வாரம் ஒருமுறை இதைச் செய்துவந்தால் மாதக் கணக்கில் கார்பைடு பக்கம் போகவே வேண்டாம். சத்தத்தைக் கேட்டே நிலைமையைச் சொல்லிவிடலாம். ‘சர்’ என்று மெல்லிய உரசல் கேட்டால் வேலை நடக்கிறது. சத்தமே இல்லாமல் வழுக்கிக்கொண்டு போனால் செராமிக்கில் எஃகுத்தூள் அடைத்துச் சாம்பல் நிறமாகியிருக்கிறது என்று பொருள். பென்சில் அழிக்கும் ரப்பரால் தேய்த்தால் பாதி போகும். மீதிக்குப் பாத்திரம் தேய்க்கும் நாரும் பவுடரும். பிறகு நன்றாகக் காயவிட வேண்டும். பலர் செராமிக் தேய்ந்துவிட்டதாக நினைத்துப் புதிது வாங்குகிறார்கள். பெரும்பாலும் அது வெறும் அழுக்கு.

உண்மையிலேயே தேயவும் செய்யும். செராமிக் கம்பிகள் குறுக்கிடும் ஒரே புள்ளியில்தான் எல்லா உரசலும் விழுகிறது. அங்கே ஒரு தட்டையான பள்ளம் விழும். திருகு வைத்துப் பொருத்திய மாடல்களில் அதைத் தளர்த்தி, கம்பியைக் கொஞ்சம் சுழற்றிப் புதுப் பக்கத்தை உள்ளே திருப்பலாம். கார்பைடு துண்டுகளையும் இப்படியே திருப்பிப் போடலாம். பசை போட்டு ஒட்டிய மாடலில் இந்த வசதி கிடையாது. வாங்கும்போது கவனிக்க வேண்டிய முதல் விஷயம் இந்தத் திருகு. திருகு இருந்தால் அதுவும் நாளடைவில் தளரும். தளர்ந்தால் துண்டுகள் ஆடும், ஆடினால் கத்தி வாய் அலை அலையாக வெட்டுப்படும். ஒருமுறை அலை விழுந்துவிட்டால் அடுத்த இழுப்பும் அதே மேடு பள்ளத்தில் ஏறி இறங்கி அதை இன்னும் ஆழமாக்கும். அப்போது நிறுத்திவிட்டுச் சாணைக்கல்லுக்குப் போவதுதான் வழி. கருவியைக் கீழே போட்டிருந்தால் கார்பைடு விளிம்பில் சில்லு தெறித்திருக்கிறதா என்றும் பாருங்கள். தெறித்திருந்தால் கத்தியின் முழு நீளத்துக்கும் ஒரே கோடாகக் கீறல் விழும்.

பத்து முறை இழுத்தும் கூர் வரவில்லை என்பது இன்னொரு பொதுவான புலம்பல். உடனே அழுத்தத்தைக் கூட்டாதீர்கள். பர்மனென்ட் மார்க்கரால் கத்தி வாயின் இரு பக்கமும் கோடு போட்டுவிட்டு, செராமிக்கில் இரண்டு முறை இழுத்துப் பாருங்கள். மை நுனியில் மட்டும் அழிந்திருந்தால் கத்தியின் கோணம் ஸ்லாட்டைவிடக் குறுகலானது. நுனியில் குட்டியாக ஒரு புதுச் சரிவு விழுகிறது, கவலையில்லை. மை மேல் ஓரத்தில் மட்டும் அழிந்து நுனியில் அப்படியே இருந்தால் கத்தியின் கோணம் ஸ்லாட்டைவிட அகலம். நுனி இன்னும் ஸ்லாட்டைத் தொடவே இல்லை. நூறு முறை இழுத்தாலும் செராமிக் அதை எட்டப் பிடிக்காது. முழுக்க மழுங்கிய கத்தியை விட்டால், கார்பைடை நியாயமாகப் பயன்படுத்த வேண்டிய இடம் இது ஒன்றுதான். மை ஒரு பக்கம் மட்டும் அழிந்திருந்தால் குற்றம் கையில். கத்தியைச் சாய்த்துப் பிடித்திருக்கிறீர்கள். ஐந்து டிகிரி சாய்ந்தாலே ஒரு பக்கம் 25, மறுபக்கம் 15 ஆகிவிடும். மேசையில் கனமாக உட்காரும் பெரிய ஷார்ப்னரில் இது அவ்வளவு நடக்காது. இந்தக் குட்டி எடையே இல்லாமல் ஆடும். மேசை விளிம்பில் அழுத்திப் பிடித்து, பிடிக்கும் விரல்கள் கத்திப் பாதைக்குக் கீழேயும் பின்னாலும் இருக்குமாறு பார்த்துக்கொள்ளுங்கள். கட்டைவிரலைக் கருவியின் மேல் முகட்டில் வைத்துக்கொண்டு கத்தியை இழுப்பவர்களைப் பார்த்தால் பகீரென்கிறது.

கத்தியின் அடிப்பகுதிதான் எனக்கு இன்னும் ஆறாத இரண்டாவது கடுப்பு. கைப்பிடிக்கு முன்னால் தடித்த கழுத்து வாய் வரை இறங்கும் கத்திகளிலும், கைப்பிடியும் வாயும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் உள்ள சிறு கத்திகளிலும், கடைசி 5 முதல் 10 மி.மீ. வரை ஸ்லாட்டுக்குள் நுழையாது. கழுத்து பிளாஸ்டிக்கில் இடித்து நின்றுவிடும். அந்தத் துண்டு தேயாமலே இருக்கும், அதன் முன்பகுதி மட்டும் தேய்ந்துகொண்டே போகும். காலப்போக்கில் வாயில் ஒரு குழிவு விழுகிறது. பலகையில் வைத்தால் அடியும் நடுவும் தொடும், இடையில் வெளிச்சம் தெரியும். அந்த இடத்தில் வெட்டிய வெங்காயத்தாள் துண்டாகாமல் சங்கிலி போலத் தொங்கும். கத்தி கூராகத்தான் இருக்கும், ஆனால் வெட்டாது. மக்கள் மறுபடி ஷார்ப்னரில் போட்டு இழுத்துக் குழிவைப் பெரிதாக்குவார்கள்.

தவிர்க்க ஒரு வழி உண்டு. ஓரத்தில் இருக்கும் வைரக் கம்பியைப் பெரும்பாலோர் விரித்துக்கூடப் பார்ப்பதில்லை. அதை விரித்து, எட்டாத அந்தப் பகுதியில் மட்டும் பக்கத்துக்கு நாலைந்து முறை தேயுங்கள். கம்பிக்கும் கத்திக்கும் இடையிலான கோணத்துக்குக் கணக்கு எளிது: செங்குத்து 90, அதில் பாதி 45, அதிலும் பாதி ஏறத்தாழ 22. அது போதும். அழுத்தினால் வைரத்தூள் உதிர்ந்துவிடும். அழுத்தாமலே அது வேகமாக வேலை செய்யும். ஏற்கெனவே குழிந்துவிட்ட கத்திக்கு இது உதவாது. சொரசொரப்பான கல்லில் கழுத்தின் கீழ்ப்பகுதியையும் அடியையும் தேய்த்து இறக்கி, வாயை நேராக்கி, புதிதாகத் தீட்ட வேண்டும். ஒரு மாலை நேரம் முழுதும் பிடிக்கும்.

பல் வைத்த ரொட்டிக் கத்திக்கும் அந்தக் கம்பிதான். ஸ்லாட்டில் போட்டால் பற்களின் உச்சி மட்டும் மழிக்கப்படும். கம்பி முனை நோக்கிக் கூம்பாகக் குறுகுவதால், பல்லின் வளைவுக்குச் சரியாகப் பொருந்தும் இடத்தைக் கண்டுபிடித்து, சரிவு உள்ள பக்கத்தில் மட்டும் ஒவ்வொரு வளைவிலும் மூன்று முறை. மறுபக்கத்தில் படுக்கவைத்து ஒரே ஒரு தடவல், பிசிறு போவதற்கு.

முனையைப் பற்றியும் சொல்ல வேண்டும். கத்தியின் வளைவு ஸ்லாட்டுக்குள் வரும்போது கைப்பிடியைக் கொஞ்சம் உயர்த்தினால்தான் வாய் தொடர்ந்து ஸ்லாட்டின் அடியைத் தொடும். முனை வெளியே வரும் கணத்தில் அழுத்தம் பூஜ்யமாக இருக்கட்டும். இல்லாவிட்டால் முனை கார்பைடிலிருந்து நழுவி விழும். விழும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் உருண்டையாகும்.

60 ராக்வெல்லுக்கு மேற்பட்ட கடின எஃகுக் கத்தி, ஒரு பக்கம் மட்டும் சரிவு உள்ள கத்தி, செராமிக் கத்தி, கத்தரிக்கோல்: இவை நான்கும் இந்த ஸ்லாட்டுகளின் பக்கமே வரக் கூடாது. கடின எஃகு வளையாது, கார்பைடில் சில்லு சில்லாகத் தெறிக்கும். தீட்டி முடித்ததும் கத்தியை ஈரத்துணியால் முதுகிலிருந்து வாய்ப் பக்கமாகத் துடையுங்கள். முடி போன்ற எஃகுச் சீவல்கள் கண்ணுக்குத் தெரியாமல் ஒட்டியிருக்கும், நேராகச் சாப்பாட்டுக்குப் போகும்.

சீவிச் சீவி வாய் 2, 3 மி.மீ. மேலேறிய கத்தியின் கதியையும் பார்த்துவிடலாம். கத்தி, முதுகிலிருந்து வாய்க்கு மெலிந்து வருவது. வாய் மேலேற ஏற தடிமனான பகுதிக்குப் போகிறது. கருவி நுனியை மட்டும் தீட்டுமே தவிர மேல்புறத்தை மெலிதாக்காது. அதனால் காகிதம் அழகாக வெட்டுப்படும், கேரட் வெட்டுப்படாது, ‘டக்’ என்று பிளக்கும். இதற்கு எந்த பாக்கெட் ஷார்ப்னரிலும் மருந்தில்லை.

இவ்வளவு திட்டிய பிறகு நண்பருக்கு என் பதில்: வாங்குங்கள். கல்லில் தீட்டக் கற்றுக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு மழுங்கல் கத்தியோடு வருடக்கணக்கில் மல்லுக்கட்டுவதைவிட இது மேல். மழுங்கல் கத்திதான் வழுக்கி விரலில் ஏறும். விலையுயர்ந்த கத்தி வீட்டில் இருந்தால் மட்டும் இதை அதன் கண்ணில் காட்டாதீர்கள். திருகு உள்ள மாடலாகப் பாருங்கள், இரண்டு ஸ்லாட்டும் வேறு வேறு நிறத்தில் கிடைத்தால் அதையே எடுங்கள். வந்த அன்றைக்கே கார்பைடு ஸ்லாட்டின் மேல் நல்ல தடித்த டேப்பை ஒட்டிவிடுங்கள். மார்க்கர் சோதனையில் தேவை என்று தெரிந்தால் மட்டும் பிரிக்கலாம், மூன்று இழுப்புக்கு மேல் வேண்டாம், முடிந்ததும் மறுபடி ஒட்டிவிடுங்கள்.