உப்புக் காற்று ஊரில் பழைய ஸ்பிளெண்டருக்கு எந்த சைலன்சர்?

தேவனாம்பட்டினத்திலோ கடலூர் முதுநகரிலோ வெட்டவெளியில் நிற்கும் ஸ்பிளெண்டரின் சைலன்சர், கடலிலிருந்து தள்ளியிருக்கும் பண்ருட்டியில் நிற்கும் அதே வயது வண்டியினுடையதைவிடச் சீக்கிரம் ஓட்டையாகும். மாற்றப் போனால் கடையில் மூன்று வகை காட்டுவார்கள்: கம்பெனி ஸ்பேர், அதே அச்சில் வெளியார் செய்யும் இரும்பு சைலன்சர், பளபளக்கும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். டேங்கில் ‘ஹீரோ ஹோண்டா’ என்று எழுதியிருக்கும், 97.2 சிசி, கார்புரேட்டர் வண்டியை வைத்து இந்த மூன்றையும் எடை போட்டிருக்கிறோம். தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம்: கம்பெனி ஸ்பேர்தான். ஆனால் மாற்றிய சைலன்சர்களைப் பற்றி வரும் புகார்களில் பாதி, சைலன்சரின் குற்றமே அல்ல. மாட்டிய கையின் குற்றம்.

வாங்கும் முன், பழசு உண்மையிலேயே போய்விட்டதா என்று பாருங்கள். கடல் காற்று வெளியிலிருந்து தின்பது பாதிக் கதைதான். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகிப் புகையோடு போகிறது. மஞ்சக்குப்பத்திலிருந்து திருப்பாதிரிப்புலியூர் ஸ்டேஷன் வரை போய் வந்து நிறுத்திவிடும் வண்டியில் சைலன்சரின் பின்பாதி சரியாகச் சூடேறுவதே இல்லை. ஆவி அங்கேயே குளிர்ந்து தண்ணீராகத் தேங்கும். அது வடிவதற்காகவே அடிப்பக்கத்தில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் அளவில் ஒரு துளை இருக்கும். அதை ஓட்டை என்று நினைத்து எம்-சீல் வைத்து அடைப்பவர்களும் உண்டு! அடைத்தால் தகடு உள்ளிருந்து அரித்துவிடும். வெளியே குரோம் மின்னிக்கொண்டே இருக்கும்.

ஸ்க்ரூடிரைவரின் பிடியால் அடிப்பக்கம் நெடுகத் தட்டுங்கள். கணீரென்று கேட்டால் தகடு நன்றாக இருக்கிறது. பொத்தென்று கேட்கும் இடம் மெலிந்த இடம். கழற்றிக் குலுக்கும்போது கடகடவென்றால் உள்ளே புகையைத் தடுத்துத் திருப்பும் பேஃபிள் தகடு விட்டுப்போயிருக்கிறது. பிராக்கெட் வெல்டு மட்டும் விரிந்திருந்தால் பற்றவைத்துக்கொள்ளலாம், புதுசு வேண்டாம். வயிற்றில் ஓட்டை விழுந்ததற்கு ஒட்டுப் போடுவது வீண். ஒட்டைச் சுற்றியுள்ள தகடும் காகிதம்போல் ஆகியிருக்கும். அடுத்த மழைக்காலத்தில் அதன் பக்கத்திலேயே இன்னொன்று திறக்கும். வெள்ளத்தில் சைலன்சர் மூழ்க நின்ற வண்டி என்றால் முதலில் கழற்றிக் கவிழ்த்துத் தண்ணீரை வடித்துவிட்டுப் பிறகு சோதியுங்கள்.

கம்பெனி ஸ்பேரின் பலம் பொருத்தம். இன்ஜின் ஹெட்டில் உட்காரும் முகம் சமமாக இருக்கும், பிராக்கெட் துளை தானாக நேருக்கு வரும், கார்புரேட்டரைத் தொட வேண்டியதில்லை. பலவீனம் குரோம். வெல்டு வரிகளிலும் பிராக்கெட் மடிப்பிலும் முலாம் சரியாக ஏறாது. உப்பு அங்கேதான் நுழையும். மாட்டும் முன்பே அந்த இடங்களுக்கு வெப்பம் தாங்கும் பெயிண்ட் அடித்துவிட்டால் ஆயுள் கூடும். வாங்கும்போது மாடலையும் வருடத்தையும் சொல்லிப் பார்ட் எண் பார்த்து வாங்குங்கள். “இன்ஜின் எல்லாம் ஒண்ணுதான் சார், எல்லாத்துக்கும் சேரும்” என்று பேஷன் வண்டியின் சைலன்சரை நீட்டினால் வாங்காதீர்கள். ஹெட்டில் உட்கார்ந்துவிடும், பின் பிராக்கெட்டில் காலை வாரும். 10க்கு 8.

வெளியார் இரும்பு சைலன்சர் விலை குறைவு, தரம் பெட்டிக்குப் பெட்டி மாறும். கடையிலேயே மூன்று விஷயங்களைப் பாருங்கள். ஹெட்டில் சேரும் முகத்தைக் கண்ணாடி மேசையில் கவிழ்த்து வைத்தால் ஆடக் கூடாது. குழாய் வாயில் விரலை விட்டால் வெல்டு கட்டி உள்ளே துருத்தக் கூடாது. பிராக்கெட்டைச் சுற்றி வெல்டு முழுதாக ஓடியிருக்க வேண்டும். நாலு பொட்டு வைத்து விட்டிருந்தால் நம் ரோட்டு வேகத்தடைகள் அதைப் பார்த்துக்கொள்ளும். மூன்றிலும் தேறினால் 6, இல்லையென்றால் காசுக்குக் கேடு.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில்தான் ஏமாற்று அதிகம். காந்தம் ஒட்டவில்லை என்றால் நல்ல ஸ்டீல், ஒட்டினால் போலி என்று சொல்லி விற்கிறார்கள். இரண்டும் தப்பு. கம்பெனிகள் எக்ஸாஸ்டுக்குப் பயன்படுத்தும் 409 ரகத்தில் காந்தம் நன்றாகவே ஒட்டும். விலை குறைந்த 202, உயர்ந்த 304 இரண்டிலும் ஒட்டாது. கடலோரத்தில் 202 தேநீர்க் கறைபோலப் பழுப்பு பூக்கும். 304 வெகுநாள் தாங்கும். இரண்டையும் பிரித்தறியப் பழைய உலோகம் வாங்கும் கடைகளில் ஒரு சொட்டு திரவம் வைத்திருப்பார்கள். அதன் நிறம் சொல்லும், காந்தம் சொல்லாது.

உலோகத்தைவிட முக்கியம் உள்ளமைப்பு. கம்பெனி சைலன்சரில் புகை அறை அறையாகத் திரும்பி வெளியேறும். கடையில் தொங்கும் பல ஸ்டீல் சைலன்சர்கள், துளையிட்ட நேர்க்குழாயைச் சுற்றிக் கண்ணாடிப் பஞ்சு அடைத்தவை. பஞ்சு நாளடைவில் கருகிப் பறந்துவிடும், சத்தம் ஏறும். தடை குறைவதால் கலவையில் பெட்ரோல் போதாமல் போகலாம். ஆக்சிலேட்டரை விடும்போது பட்பட்டென்று வெடிக்கும், பிளக் வெள்ளையாக வரும். அதற்குக் கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்துவிடும் மெயின் ஜெட்டை மாற்றப் போய், மைலேஜ் எங்கே என்று பிறகு தேடுவது நூறு சிசி வண்டிக்குத் தேவையில்லாத தலைவலி. அறை அமைப்பு, 304, பிராக்கெட் பொருத்தம் என மூன்றும் சேர்ந்தால் 7; நேர்க்குழாய் என்றால் 3.

இனி மாட்டும் வேலை. ஆபத்து முழுவதும் ஹெட்டில் இருக்கும் இரண்டு ஸ்டட்டில், அதாவது குழாயைப் பிடிக்கும் மரைக் கம்பிகளில். 10 எண் ஸ்பேனர் பிடிக்கும் அந்த நட்டுகள் வருடக்கணக்கில் வெந்து துருவோடு ஒன்றாகியிருக்கும், ஹெட்டோ அலுமினியம். முந்தின நாள் இரவே துரு இளக்கும் ஸ்ப்ரே அடித்து ஊறவிடுங்கள். ரிங் ஸ்பேனரோ பாக்ஸோதான் போட வேண்டும். ஓப்பன் ஸ்பேனர் மூலையை உருட்டிவிடும். கால் சுற்று தளர்த்தி, மறுபடி முறுக்கி, மறுபடி தளர்த்தி என்று முன்னும் பின்னுமாக எடுங்கள். ஒரே மூச்சில் பலம் கொடுத்தால் ஸ்டட் முறியும். முறிந்தாலும் வெளியே கொஞ்சம் நீட்டிக்கொண்டிருந்தால் அதன்மேல் ஒரு நட்டைப் பற்றவைத்துத் திருப்பலாம்; அந்தச் சூடே பாதி வேலையைச் செய்துவிடும். ஹெட்டோடு ஒட்ட முறிந்தால் லேத் பட்டறைதான். 5 மில்லிமீட்டர் பிட்டால் நட்டநடு மையத்தில் துளைத்து, 6 மில்லிமீட்டர் டேப்பால் மரை போடுவார்கள். மையம் விலகி மரை போனால் ஹெலிகாயில் (புது மரையாக உட்காரும் கம்பிச் சுருள்) வைக்கச் சொல்லுங்கள். 8 மில்லிமீட்டருக்குப் பெரிதாக்குவது கடைசி வழி. அதற்குக் குழாயை ஹெட்டோடு பிடிக்கும் ஃபிளேஞ்ச் தகட்டின் துளையையும் அகட்ட வேண்டும்.

குழாய்க்கும் ஹெட்டுக்கும் நடுவே லீக்கைத் தடுக்கும் பழைய கேஸ்கெட் வளையம், ஹெட்டின் புகை வாய்க்குள் ஒட்டிக்கொண்டு கரி நிறத்தில் ஹெட்டோடு ஹெட்டாகத் தெரியும். அதை எடுக்காமல் மேலேயே புதுசை வைப்பது மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு. குழாய் முழுதாக உட்காராது, ஒரு வாரத்தில் லீக். மெல்லிய ஸ்க்ரூடிரைவரால் நெம்பி எடுங்கள். மிகப் பழைய வளையங்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், அதனால் நனைத்துவிட்டு எடுங்கள், ஊதாதீர்கள். புது வளையம் சில ரூபாய்தான். பழசைத் திரும்பப் போடும் மெக்கானிக்கிடம் வண்டியைக் கொடுக்கவே வேண்டாம்.

முறுக்கும் வரிசையும் உண்டு. ஹெட் நட்டு இரண்டையும் பின் பிராக்கெட் போல்ட்டையும் விரலால் மட்டும் ஏற்றுங்கள். பிறகு ஹெட் நட்டுகளை மாறி மாறி, கால் கால் சுற்றாக இறுக்குங்கள். கடைசியில்தான் பிராக்கெட். பிராக்கெட்டை முதலில் இறுக்கினால் குழாய் இழுபட்டே நிற்கும். அதிர்வில் சில மாதத்தில் வெல்டு விரியும். துளை ஒத்துவரவில்லை என்று கம்பியால் நெம்பி போல்ட் போடுவதும் இதே கதைதான். வாஷர் வைத்துச் சரிசெய்யுங்கள். கிக்கரை ஒரு முழு வீச்சு அமுக்கி, பிரேக் பெடலை அடிவரை மிதித்து, சென்டர் ஸ்டாண்டைத் தூக்கிப் பார்த்து எதுவும் சைலன்சரில் இடிக்கவில்லை என்று உறுதிசெய்துகொள்ளுங்கள்.

ஆறிய இன்ஜினை உதைத்து, பின்வாயைக் கனமான ஈரத் துணியால் ஒரு நொடி அடையுங்கள். ஹெட் பக்கம் ‘புஸ்’ என்றால் லீக். இந்த லீக் இருந்தால் ஆக்சிலேட்டரை விடும்போதும் வெடிக்கும், புகைச் சோதனையிலும் அளவு தப்பாக வரும். 2000 மார்ச் வரை செய்த வண்டிக்கு கார்பன் மோனாக்சைடு 4.5 சதவீதம் வரை, அதற்குப் பின் செய்ததற்கு 3.5 சதவீதம் வரை அனுமதி. நேர்க்குழாயின் சத்தத்தோடு எஃப்.சி. புதுப்பிக்கப் போனால் திருப்பி அனுப்புவார்கள். மோட்டார் வாகனச் சட்டம் 190(2) பிரிவில் பத்தாயிரம் ரூபாய் வரை அபராதமும் இருக்கிறது.

வேலையை யாரிடம் கொடுப்பது? ஸ்டட் நல்லபடியாக இருந்தால் தெருமுனை மெக்கானிக்கே போதும், அரைமணி நேர வேலை. நட்டு உருண்டுபோயிருந்தால் லேத் பக்கத்தில் இருக்கும் பட்டறையாகப் பாருங்கள். ஹெட்டைக் கழற்றி எடுத்துக்கொண்டு ஊர் சுற்ற வேண்டியிருக்காது. வண்டியிலேயே பற்றவைப்பதானால் பேட்டரி வயரைக் கழற்றச் சொல்லுங்கள், எர்த் கிளிப்பை வெல்டுக்குப் பக்கத்திலேயே மாட்டச் சொல்லுங்கள்.

முதல் நாள் கொஞ்சம் புகையும், பெயிண்ட் வாடையும் வரும். அது முலாம் எண்ணெயும் பெயிண்டும் வேகும் வாடை, பயப்பட வேண்டாம். நூறு கிலோமீட்டர் ஓடியதும், இன்ஜின் முழுக்க ஆறியபின், ஹெட் நட்டு இரண்டையும் ஒருமுறை இறுக்கிப் பாருங்கள். புது கேஸ்கெட் அமுங்கியிருக்கும். கால் சுற்று ஏறும்.