ஊதா மூன்று, ரோசா ஒன்று: சுங்கை சிப்புட் திருவருகைப் பெட்டி

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் கடைத்தெருவில் சுரூபமும் செபமாலையும் விற்கும் சின்னக் கடை ஒன்றில், கிறிஸ்துமஸுக்கு முந்திய நான்கு வாரங்களான திருவருகைக் காலத்துக்கென்று ஒரு பெட்டி விற்கிறார்கள். விலை 52 வெள்ளி (ரிங்கிட்). உள்ளே 28 செ.மீ. அகல இரும்பு வளையம், அதில் நான்கு கிண்ணங்கள், ஊதாவில் மூன்றும் ரோசாவில் ஒன்றுமாக மெழுகுவர்த்திகள், நடுவில் வைக்க ஒரு தடித்த வெள்ளை மெழுகுவர்த்தி, பிளாஸ்டிக் இலைச்சரம், அன்றன்றைய பைபிள் வாசகங்களைத் தரும் 36 பக்கத் தமிழ்க் கையேடு, பாவசங்கீர்த்தனத்துக்கு (பாதிரியாரிடம் பாவங்களை அறிக்கையிடுவதற்கு) முன் தன் குறைகளை எண்ணிப் பார்க்க மடித்த ஆன்ம சோதனை அட்டை ஒன்று. ஈப்போவுக்கு பஸ் ஏறாமல் இத்தனையும் தமிழில் கிடைப்பது வசதிதான். ஆனால் 52 வெள்ளிக்குத் தகுமா என்றால், பாதிப் பெட்டிதான் தகும்.

மெழுகுவர்த்தி முதலில். ஒவ்வொன்றும் 20 செ.மீ. உயரம், 2 செ.மீ. விட்டம். காற்று அடிக்காத இடத்தில் மணிக்கு இரண்டரை செ.மீ. கரைகிறது, ஆக எட்டு மணி நேரம் எரியும். 2026-இல் திருவருகைக் காலம் நவம்பர் 29-இல் தொடங்குவதால் டிசம்பர் 24 வரை 26 இரவுகள். ஞாயிறுக்கு ஒன்றாகக் கூட்டி ஏற்றுவதால் முதல் ஊதா 26 இரவும் எரிய வேண்டும், இரண்டாவது 19, ரோசா 12, கடைசி ஊதா 5. இரவுக்குக் கால் மணி நேரம் என்றால் முதலாவதற்கு ஆறரை மணி நேரம், தாராளமாகப் போதும். வாசகத்தோடு 53 மணிகள் கொண்ட செபமாலையும் சேர்த்து அரை மணி நேரம் எரியவிடும் வீடுகளில் டிசம்பர் 14 இரவோடு அது தீர்ந்துவிடும். ஊதா மூன்றையும் இடம் மாற்றி மாற்றி எரித்துச் சமாளிக்கலாம் என்று பார்த்தால், அவற்றுக்குச் சேர்த்து 25 மணி நேரம் வேண்டும், இருப்பதோ 24. வாசகம் முடிந்ததும் அணைத்துவிட்டு, டியூப்லைட் வெளிச்சத்தில் செபமாலை சொல்வதே சரி.

கணக்கு சரியாக இருந்தாலும் காத்தாடி (மின்விசிறி) விடாது. சுழலும் காத்தாடிக்கு நேர் கீழே வைத்தால் சுடர் ஒரு பக்கமாகச் சாய்ந்து, அந்தப் பக்கத்து விளிம்பு உருகி, மெழுகு வழிந்து ஓடும். எட்டு மணி நேரம் ஐந்தாகக் குறையும். கால் மணி நேரத்துக்கு விசையை அணைத்துவிடுங்கள். திரியை 5 மில்லிமீட்டருக்குக் கத்தரித்து ஏற்றினால் கரி பிடிக்காது. தகரக் கூரை லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை) வீடுகளில் இன்னொரு தொல்லை: மதிய வெக்கையில் அலமாரி மேல் நிற்கும் வர்த்தி மெல்ல வளையும். காகிதத்தில் சுற்றிக் கீழ்த்தட்டில் படுக்க வைத்து, மாலையில் எடுத்துச் செருகுங்கள். கிண்ணமும் கொஞ்சம் அகலம், வர்த்தி ஆடுகிறது. அடியில் அலுமினியத் தாளை இரண்டு சுற்றுச் சுற்றினால் நிற்கும்.

பிளாஸ்டிக் சரம் வேண்டாம். சுடர் பட்டால் உருகிப் பற்றும், பார்க்கவும் நன்றாக இல்லை. செம்பனை மரத்தண்டில் அடர்ந்து வளரும் பெரணி எந்தத் தோட்டத்திலும் கிடைக்கும். ஈர மணல் தட்டில் செருகி, வாடியதும் மாற்றலாம். காய்ந்ததை ஒரு நாள்கூட விட்டுவைக்காதீர்கள்.

கையேட்டின் முதல் பக்கம் இந்த வளையத்தை ஆதித் திருச்சபை மரபு என்கிறது. அல்ல. 1839-இல் ஹாம்பர்க் நகரில் யோகான் ஹின்ரிக் விகெர்ன் என்ற லுத்தரன் போதகர், தன் பராமரிப்பில் இருந்த பிள்ளைகளுக்கு நாள் எண்ணிக் காட்ட வண்டிச் சக்கரத்தில் மெழுகுவர்த்தி ஏற்றியதுதான் தொடக்கம். கத்தோலிக்கர் பின்னால் எடுத்துக்கொண்டோம்.

இதைவிடப் பெரிய பிழை வாசகங்களில். ஞாயிறு வாசகங்கள் மூன்று ஆண்டுச் சுழற்சி. கையேட்டில் இருப்பவை மத்தேயு நற்செய்தியின் முதலாம் ஆண்டுக்குரியவை. 2026 நவம்பர் 29-இல் தொடங்குவதோ மாற்குவின் இரண்டாம் ஆண்டு. அந்த ஞாயிற்றுக்கு மாற்கு 13:33-37, அடுத்ததற்கு மாற்கு 1:1-8, மூன்றாவதற்கு யோவான் 1:6-8, 19-28, நான்காவதற்கு லூக்கா 1:26-38 என்று ஓரத்தில் எழுதிக்கொள்ளுங்கள். திருவருகையின் வார நாள்களுக்கு ஆண்டுச் சுழற்சி இல்லை. ஆனால் டிசம்பர் 17 முதல் 24 வரை கிழமை கணக்கில்லை, தேதி கணக்கு. 2026-இல் மூன்றாம் வாரம் வியாழனே 17-ஆம் தேதி. அன்றைக்குக் கையேட்டின் 'மூன்றாம் வாரம் வியாழன்' பக்கத்தைத் தள்ளிவிட்டு மத்தேயு 1:1-17-ஐ, அந்த நீளமான மூதாதையர் பட்டியலை வாசிக்க வேண்டும். பிள்ளைகள் கொட்டாவி விடுவார்கள், பரவாயில்லை.

நோன்புப் பக்கத்தில் 18 முதல் 59 வயது வரையுள்ளோர் ஒரு வேளை மட்டும் முழு உணவு என்று அச்சடித்திருக்கிறார்கள். அது திருநீற்றுப் புதனுக்கும் பெரிய வெள்ளிக்கும் உள்ள சட்டம். திருவருகையில் அப்படிக் கட்டாயம் கிடையாது. இனிப்புநீர் (நீரிழிவு) உள்ளவர்கள் இதை நம்பிப் பட்டினி கிடக்க வேண்டாம்.

ஆன்ம சோதனை அட்டை மட்டும் அருமை. பத்துக் கட்டளை வரிசைதான், ஆனால் கேள்விகள் இந்த ஊருக்கே எழுதியவை. சம்பளம் வந்த அன்று வீட்டுக்கு வந்தது எவ்வளவு, நாலு நம்பர் லாட்டரிக் கடைக்குப் போனது எவ்வளவு? பக்கத்து லயத்து வங்காளதேசத் தொழிலாளியை என்ன சொல்லிக் கூப்பிட்டாய்? அண்ணன் தம்பியோடு பேச்சு நின்று எத்தனை கிறிஸ்துமஸ்? பின்பக்கம் நல்ல பாவசங்கீர்த்தனத்துக்கான ஐந்து படிகள்: ஆன்ம சோதனை, மனத்துயர், இனிப் பாவம் செய்வதில்லை என்ற பிரதிக்கினை, பாவங்களைச் சொல்லுதல், பரிகாரம். சாவான (கனமான) பாவம் என்றால் வகையும் எண்ணிக்கையும் சொல்ல வேண்டும் என்பதையும் விடாமல் சேர்த்திருக்கிறார்கள். 'கோபப்பட்டேன் சாமி' என்று மொத்தமாகச் சொல்லிவிட்டு எழுந்து வருவதை அது தடுக்கும்.

அட்டை சொல்லாத ஒன்று: பாவசங்கீர்த்தனத்துக்கு 24-ஆம் தேதி மாலைவரை காத்திருக்காதீர்கள். மாதம் ஒரு முறை மட்டும் பூசை நடக்கும் தோட்டச் சிற்றாலயங்களுக்கும் சேர்த்து ஒரே சாமியார் அலைவார்; வரிசை நீளும், ஆளுக்கு இரண்டு நிமிடம் கிடைத்தால் அதிகம். ரோசா மெழுகுவர்த்தி ஏற்றும் வாரத்திலேயே, டிசம்பர் 13-க்கும் 19-க்கும் இடையில், முடித்துக்கொள்ளுங்கள்.

கடையில் கேட்டால் அட்டையைத் தனியாக 3 வெள்ளிக்குத் தருகிறார்கள், மெழுகுவர்த்தி நான்கும் 14 வெள்ளி. வளையத்துக்குப் பழைய கேக் தட்டும் மணலும் போதும். வெள்ளை மெழுகுவர்த்தி டிசம்பர் 24-ஆம் தேதி இரவு வரை ஏற்றக் கூடாதது. அதைப் பிறகு வாங்கலாம்.