போர் பண்ணாமலேயே மீண்ட மாருதி 800: இரண்டு வருட அனுபவம்

பழைய கார் கொஞ்சம் புகை விட்டாலே "இன்ஜின் போச்சு, போர் பண்ணிடுங்க" என்று, அதாவது இன்ஜினைப் பிரித்து தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து சரிசெய்யச் சொல்லிவிடுகிறார்கள். பள்ளத்தூரில் பெரியப்பா வீட்டுக் கொட்டகையில் வருடக்கணக்காகக் கிடந்த 1996 மாடல் மாருதி 800-க்கும் அதே தீர்ப்புதான். ஆனால் போர் பண்ணவில்லை. இரண்டு வருடத்துக்கு மேலாக காரைக்குடி, தேவகோட்டை, அவ்வப்போது மதுரை என்று ஓடிக்கொண்டிருக்கிறது, அதனால் தைரியமாகச் சொல்கிறேன்: இன்ஜினைப் பிரிப்பதற்கு முன் சுத்தம் செய்து பாருங்கள்.

முதலில் புகை எப்போது வருகிறது என்று கவனிக்க வேண்டும். காலையில் ஸ்டார்ட் பண்ணும்போது மட்டும் நீலமாக வந்து அடங்கினால் பெரும்பாலும் வால்வு சீல் (ஆயில் சிலிண்டருக்குள் கசியாமல் தடுக்கும் ரப்பர்) காய்ந்து இறுகியிருக்கும். ஓடும்போதும் விடாமல் வந்தால்தான் பிஸ்டன் ரிங், சிலிண்டர் போர் பக்கம் சந்தேகப்படணும். எங்களுடையது முதல் வகை. மெக்கானிக் அண்ணன் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் எவ்வளவு அழுத்தம் நிற்கிறது என்று பார்த்தார், மூன்று சிலிண்டரும் கிட்டத்தட்ட ஒரே அளவு காட்டின, அத்தோடு போர் பேச்சு முடிந்தது, சீலை மட்டும் மாற்றினோம்.

பெட்ரோலையும் காற்றையும் கலந்து கொடுக்கும் கார்புரேட்டர்தான் பாவம். கழற்றினால் அடியில் பழைய பெட்ரோல் வற்றி மஞ்சள் பிசினாக ஒட்டிக் கிடந்தது. பெட்ரோலை அளந்து விடும் சின்னத் துளையுள்ள ஜெட்டை வெளிச்சத்தில் பிடித்தால் ஓட்டையே தெரியவில்லை. கம்பியை விட்டுக் குத்தாதீர்கள், ஓட்டை பெரிதாகி பெட்ரோல் குடிக்க ஆரம்பித்துவிடும். கிளீனரில் ஊறப்போட்டு காற்றடித்தே எடுத்தோம்.

டீசல் ஊற்றி இன்ஜினை ஃப்ளஷ் பண்ணலாம் என்று ஒருவர் சொன்னார், நான் ஒத்துக்கொள்ளவில்லை. பல வருடக் கசடு மொத்தமாகக் கழன்றால் ஆயில் பம்ப் சல்லடையில் போய் அடைக்கும், ஆயில் ஏறாமல் பேரிங் போய்விடும். அதற்குப் பதில் புது ஆயிலும் பில்டரும் போட்டு, முதல் 500 கிலோமீட்டரில் ஒரு தடவை, அப்புறம் 1500-ல் ஒரு தடவை மாற்றினோம். முதலில் தார் மாதிரி இறங்கியது, அடுத்ததில் பழுப்பாக. கசடு இப்படி மெல்ல மெல்ல வெளியேறுவதுதான் நல்லது.

ரேடியேட்டரில் வெறும் போர்வெல் தண்ணீர், திறந்தால் துருச்சேறு. தெளிவாக வரும்வரை அலசிவிட்டு, டிஸ்டில்டு வாட்டர் கலந்த கூலன்ட் ஊற்றியபின் ஒரு சித்திரை வெயிலிலும் சூடு ஏறவில்லை. இன்ஜின் ஹெட் (மேல்மூடி) அலுமினியம் என்பதால் ஒரு தடவை நன்றாகச் சூடேறினாலும் வளைந்துவிடும், இதில் கஞ்சத்தனம் வேண்டாம்.

இப்போது லிட்டருக்கு 16, 17 தருகிறது. ஆயில் குறைவதில்லை. மார்கழிக் காலையில் சோக் இழுக்காமல் கிளம்பாது, அது கார்புரேட்டர் வண்டியின் குணம். எங்கள் பக்கச் செம்மண் புழுதிக்கு ஏர் பில்டரைப் புத்தகத்தில் போட்டிருப்பதைவிடச் சீக்கிரமே மாற்றிவிடுகிறேன். இன்னொன்று, இப்போது வருவது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். அது பழைய ரப்பர் ஹோஸை அரிக்கும், டேங்க் அடிக் கசடையும் கிளப்பிவிடும். ஹோஸ் எல்லாம் புதிதாகப் போட்டாச்சு. பெட்ரோல் பில்டரை மட்டும் அடிக்கடி பார்த்துக்கொள்கிறேன்.